எஸ்.ஐ.ஆரிலிருந்து சதர்ன் ரயில்வே வரை: நம்ம ஊர்த் தண்டவாளத்தின் கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியதைச் சற்றே திருத்தி எழுதியிருக்கிறேன்.)



"மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு பற்றி ஏதாவது சொல்லுப்பா" என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டார். அதைச் சொல்ல என்னை விடத் தகுதியானவர்கள் முதல் இரண்டு வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வேறு ஒன்று சொல்லப்போகிறேன். ஒரு கம்பெனியின் கதை. அதன் தண்டவாளம் நம் விருதுநகர் வழியாகத்தான் ஓடுகிறது. நம்மில் பாதிப் பேர் அதில் ஏறித்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் அக்கறை வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் நிறுவனத்தை இன்னும் இரண்டு நிறுவனங்களோடு சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். பெயர் வேண்டாம். மூன்று தொழிற்சாலை, மூன்று வகை டிராயிங், மூன்று வகை ஸ்பேர் பார்ட்ஸ். ஒரு இடத்தில் போல்ட் அங்குலக் கணக்கு, இன்னொரு இடத்தில் மில்லிமீட்டர் கணக்கு. எந்த அளவை வைத்துக்கொள்வது என்று மாடியில் கூடி முடிவு செய்தார்கள், ஸ்பேனர் பிடிக்கிறவனை யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில்தான், இதே போலக் கம்பெனிகளைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த சௌத் இண்டியன் ரயில்வேயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நம் தாத்தாமார் 'எஸ்.ஐ.ஆர்.' என்று சொல்வார்களே, அதேதான்.

இந்தியாவின் தெற்கே முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1-ம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு. அது மதராஸ் ரயில்வே கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு மேற்கே போய் மலபார்க் கரையைத் தொடுவதில்தான் ஆசை. தெற்கே எட்டிப் பார்க்கவில்லை. தெற்கே வந்தது கிரேட் சதர்ன் ஆஃப் இண்டியா என்ற இன்னொரு லண்டன் கம்பெனி. அவர்கள் சென்னையில் தொடங்கவில்லை, நாகப்பட்டினத்தில் தொடங்கினார்கள். துறைமுகத்தில் எஞ்சினை இறக்கி, 1861-ல் தஞ்சாவூர், 1862-ல் திருச்சி, ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பிறகு கரூர் வழியாக ஈரோடு வரை போய், 1868 வாக்கில் மதராஸ் ரயில்வேயோடு கை கோத்தார்கள். இரண்டும் ஐந்தரை அடி அகலப் பாதை என்பதால் வண்டி அப்படியே போய்விடலாம்.

இதற்கிடையில் மூன்றாவதாக ஒரு கம்பெனி. பெயர் இண்டியன் டிராம்வே. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-ல் பாதை போட்டார்கள். அவர்கள் போட்ட அகலம் மூன்றரை அடி! ஐந்தரையும் இல்லை, பின்னால் வந்த மீட்டரும் இல்லை. இந்தக் கம்பெனியும் கையில் காசு இல்லாமல் தள்ளாடி, கர்நாட்டிக் ரயில்வே என்ற பெயருக்கு மாறியது. அந்தக் கர்நாட்டிக்கையும் நாகப்பட்டினத்துக் கம்பெனியையும் இணைத்து 1874-ல் உண்டானதுதான் சௌத் இண்டியன் ரயில்வே.

இங்கே ஒரு கேள்வி வரும். ஆள் நடமாட்டம் எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று தெரியாத ஊரில் லண்டன்காரன் எதற்குப் பணம் போட்டான்? பதில் எளிது. போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி என்று சர்க்கார் உத்தரவாதம் கொடுத்திருந்தது. நிலம் இலவசம். ரயில் லாபத்தில் ஓடினால் சந்தோஷம், ஓடாவிட்டால் குறைகிற தொகையை இந்திய வரிப்பணத்திலிருந்து சர்க்கார் கட்டும். நம் கமிஷன் மண்டி அண்ணாச்சிகளிடம் இப்படி ஒரு வியாபாரத்தைச் சொல்லிப் பாருங்கள், "நஷ்டமே வராத ஏவாரம் எங்கய்யா இருக்கு?" என்று சிரிப்பார்கள். இருந்தது, ரயில்வேயில் இருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்ற கவலையே கம்பெனிக்கு வராததற்கும் அதுதான் காரணம் என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள்.

வட்டி கட்டிக் கட்டி சர்க்காருக்கே மூச்சு முட்டியது. அதனால்தான் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1870-ல், இனிமேல் சில்லறைப் பாதைகளுக்கு மீட்டர் கேஜ் போதும் என்று முடிவானது. அகலம் குறைந்தால் எஞ்சின் எடை குறையும், தண்டவாளம் மெலியும், பாலம் சிறுக்கும், வளைவைச் சற்று இறுக்கமாகப் போடலாம். எஞ்சினியராக நான் அதைத் தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். கையில் இருக்கிற காசுக்கு அதிக மைல் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கனவே அகலமாகப் போட்டு வண்டி ஓடிக்கொண்டிருந்த நாகப்பட்டினம்–திருச்சி பாதையையும் பிடுங்கி மீட்டராக்கினார்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. திருச்சி–ஈரோடு பாதை கதை இன்னும் வேடிக்கை. அகலமாகப் பிறந்து, 1879-ல் மீட்டராகி, 1929-ல் மறுபடி அகலமானது. ஒரே மண்மேட்டில் மூன்று தடவை தண்டவாளம்!

இணைப்பு முடிந்த கையோடு எஸ்.ஐ.ஆர். தெற்கே பாய்ந்தது. 1875-ல் திருச்சியிலிருந்து மதுரை. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடி, மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை. நம் ஊருக்கு ரயில் வந்தது இந்த ஓட்டத்தில்தான். அப்போது ஊர் பெயர் விருதுபட்டி, விருதுநகர் ஆனது 1923-ல். இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பாதை போடும்போது சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் தெற்கே வரும் மீட்டர் கேஜ் பாதை இன்னும் முடியவில்லை. அதாவது நம்மைத் தலைநகரத்தோடு சேர்ப்பதற்கு முன்னால் துறைமுகத்தோடு சேர்த்தார்கள். கரிசல் காட்டுப் பருத்தியைத் தூத்துக்குடிக்கு இழுப்பதுதான் முதல் நோக்கம்.

அதற்கு முன்னால் பருத்திப் பொதி போனது மாட்டு வண்டியில். மழைக்காலத்தில் கரிசல் மண்ணில் வண்டிச் சக்கரம் இறங்கினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயில் வந்ததும் பருத்தி, வத்தல், மல்லி, எண்ணெய் எல்லாம் இங்கே குவிய ஆரம்பித்தது. சுற்று வட்டாரத்து வண்டிகள் விருதுபட்டியில் வந்து இறக்கும், இங்கிருந்து கூட்ஸ் ஏறும். இன்றைக்கும் பருப்பு விலையையும் வத்தல் விலையையும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகையில் தனியாகப் போடுகிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ரயில் மட்டுமே காரணம் என்று சொன்னால் அண்ணாச்சிகள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்திய வியாபாரிகள் இருந்த ஊர் இது. அந்தப் பழக்கம் இல்லாத எத்தனையோ ஊருக்கும் ரயில் வந்தது, நின்றது, போனது.

பாதை திறந்த அதே 1876-ல்தான் தாது வருஷப் பஞ்சம் ஆரம்பித்தது. 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். ரயில் என்ன செய்தது? இரண்டும் செய்தது. துறைமுகத்தில் இறங்கிய அரிசியை உள்ளூருக்குக் கொண்டுவந்தது. அதே நேரத்தில், எங்கே விலை அதிகமோ அங்கே தானியத்தை இழுத்துக்கொண்டும் போனது. முன்பெல்லாம் பஞ்சம் வராத ஊரில் விலை ஏறாது. ரயில் வந்த பிறகு ஓர் ஊர்ப் பஞ்சம் மற்ற ஊர் விலையையும் ஏற்றியது. பிறகு வந்த 1880-ம் வருஷப் பஞ்சக் கமிஷன், இன்னும் நிறைய ரயில் பாதை போட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. கமிஷன் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்கக் காசில்லாதவனுக்கு வாகன் நிறைய அரிசி வந்து நின்றாலும் அது அரிசி இல்லை என்பது கமிஷனுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நாளில் தூத்துக்குடிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. கொழும்புக்குக் கப்பல் அங்கிருந்துதான். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் நம் விருதுபட்டி வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பலைப் பிடிக்கும். இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கும் கடை வைக்கவும் போனவர்கள் எத்தனையோ பேர் இந்தப் பாதையில் போனார்கள். 1911 ஜூன் 17-ல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது இதே பாதையில் உள்ள மணியாச்சி ஜங்ஷனில்தான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் மதுரையிலேயே கிழக்கே திரும்பி தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல் தூரம் குறைவு. கம்பெனிக்கு அது லாபம். விருதுபட்டிக்கும் தூத்துக்குடிக்கும் ஒரு பெரிய வண்டி போனது போனதுதான். தனுஷ்கோடியும் நிலைக்கவில்லை, 1964 டிசம்பர் புயலில் கடல் கொண்டுபோயிற்று.

எஸ்.ஐ.ஆர். எப்படி வளர்ந்தது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சாப்பாட்டு மணி அடித்துவிடும். பிரெஞ்சுக்காரர்களோடு பேசி 1879-ல் விழுப்புரம்–பாண்டிச்சேரி. தஞ்சாவூரில் ஜில்லா போர்டே தனி வரி போட்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் பாதை போட, அதை ஓட்டிக் கொடுத்தது எஸ்.ஐ.ஆர். 1908-ல் மதராஸ் ரயில்வே கலைந்து, ஒரு பங்கு சதர்ன் மராட்டாவோடு சேர்ந்து எம்.எஸ்.எம். ஆனது. ஜோலார்பேட்டையிலிருந்து ஈரோடு, கோயம்புத்தூர் வழியாக மங்களூர் வரை உள்ள அகலப் பாதை எஸ்.ஐ.ஆர். கைக்கு வந்தது. அதே வருஷம்தான் எழும்பூர் ஸ்டேஷன் திறந்தது. சென்னையில் ஏன் சென்ட்ரல் என்று ஒன்று, எழும்பூர் என்று ஒன்று, இரண்டுக்கும் நடுவே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் என்று எரிச்சல் பட்டிருப்பீர்கள். ஒன்று எம்.எஸ்.எம். வீடு, இன்னொன்று எஸ்.ஐ.ஆர். வீடு. கம்பெனி இரண்டும் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மூட்டையை இன்னும் நாம்தான் தூக்குகிறோம்.

கம்பெனி என்று சொன்னாலும், 1890 முடிவில் சர்க்கார் அதை விலைக்கு வாங்கிவிட்டது. சொத்து சர்க்காருடையது, நடத்துவது லண்டனில் புதிதாகப் பதிவான அதே பெயருள்ள கம்பெனி. தலைமை அலுவலகம் திருச்சி. இங்கே உள்ள பெரிய துரைக்கு 'ஏஜென்ட்' என்று பேர்.

இனி சிவகாசிக்கு வருவோம். விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை 1927-ல்தான் வந்தது. அங்கே செங்கோட்டை–கொல்லம் மலைப்பாதை 1904-லிருந்தே இருந்ததால், கொல்லம் மெயில் நம் ஊர் வழியாக மலையேறும் வண்டி ஆனது. ஆனால் தீப்பெட்டி 1927-க்குக் காத்திருக்கவில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கியது 1920-களின் ஆரம்பத்திலேயே. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, விவசாயம் நம்பிக்கை இல்லை. மருந்து காய்வதற்கு ஏற்ற வெயில், வேலைக்குக் காத்திருக்கிற கைகள். ரயில் வந்தது அதற்குப் பிறகு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரயில் போட்டால் தொழில் வரும் என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் ஒரே பாதையில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. விருதுபட்டியில் ரயில் வந்து வியாபாரம் பெருகியது. சிவகாசியில் தொழில் வந்து, பின்னால் ரயில் வந்தது.

தீப்பெட்டியோடு அதற்கு லேபிள் அடிக்கும் அச்சகம், பிறகு பட்டாசு, காலண்டர் என்று ஒன்றுக்கொன்று துணையாக வளர்ந்தது உங்களுக்குத் தெரியும். இந்தச் சரக்கெல்லாம் வடக்கே போக வேண்டும். இங்கேதான் 1870-ல் செய்த கேஜ் முடிவு வந்து கழுத்தைப் பிடித்தது. சிவகாசி கூட்ஸ் ஷெட்டில் ஏற்றுவது மீட்டர் கேஜ் வாகன். பம்பாயோ கல்கத்தாவோ போக வேண்டும் என்றால் வழியில் எங்காவது அகலப் பாதைக்கு மாற்றியாக வேண்டும். மாற்றுவது என்றால் என்ன? கூலி ஆள் வந்து மூட்டை மூட்டையாக இறக்கி அடுத்த வாகனில் ஏற்ற வேண்டும். நாள் கணக்கில் தாமதம், உடைசல், நனைசல், திருட்டு. பருத்திப் பொதிக்குப் பரவாயில்லை. நாலு தடவை தூக்கிப் போட்டால் தானே பற்றிக்கொள்ளும் சரக்குக்கு? லாரி வந்ததும் சிவகாசி லாரிக்கு மாறியதில் ஆச்சரியமே இல்லை. தொழிற்சாலை வாசலில் ஒரு தடவை ஏற்றினால், டில்லியில் கடை வாசலில் இறக்கலாம். அகலப் பாதை வந்து சேர்வதற்குள் சரக்கு ரோட்டைப் பழகிவிட்டது.

சேர்த்தால் எல்லாம் சிக்கனம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நாகப்பட்டினத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனி பிறந்த ஊர் அது. ஒர்க்ஷாப் அங்கேதான் இருந்தது. 1920-களில் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் பெரிய ஒர்க்ஷாப் கட்டி, எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனார்கள். எஞ்சினியர் கண்ணால் பார்த்தால் சரியான முடிவு. பாதைகள் கூடுகிற இடம் திருச்சி, நாகப்பட்டினம் ஒரு மூலை. ஆனால் புது மெஷின் வந்ததும் ஆள் அதிகம் என்று குறைக்கப் பார்த்தார்கள். 1928 ஜூலையில் எஸ்.ஐ.ஆர். முழுக்க வேலைநிறுத்தம். சிங்காரவேலர் முதலானவர்களைச் சதி வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். வேலைநிறுத்தம் முறிந்தது. நாகப்பட்டினத்தில் கலாசியாக இருந்தவன் வீட்டை விட்டுப் பொன்மலைக்குப் போனான், போக முடியாதவன் நின்றான். கம்பெனியின் வருஷ அறிக்கையில் இது மிச்சம் என்ற பத்தியில் வந்திருக்கும். 1944 ஏப்ரல் 1-ல் நிர்வாகமும் நேரடியாகச் சர்க்கார் கைக்கு வந்தது. முதலாளி மாறினால் எல்லாம் மாறும் என்றில்லை. 1946 செப்டம்பர் 5-ல் அதே பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பிறகு 1951 ஏப்ரல் 14. தமிழ் வருஷப் பிறப்பு நாள். எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம்., மைசூர் ஸ்டேட் ரயில்வே மூன்றும் சேர்ந்து சதர்ன் ரயில்வே பிறந்தது. சுதந்திர இந்தியாவில் மண்டலமாகப் பிரித்து அமைத்ததில் இதுதான் முதல். அதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனி காலத்தில் ஆளுக்கு ஒரு மாடல் எஞ்சின், ஒருவன் ஸ்பேர் இன்னொருவனுக்குப் பொருந்தாது. அந்தக் காலகட்டத்தில்தான் நாடு முழுவதும் மீட்டர் கேஜுக்கு ஒய்.பி., ஒய்.ஜி., அகலப் பாதைக்கு டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி. என்று நான்கே வகை எஞ்சின்கள் பெரும்பாலான வேலையைப் பார்க்கும்படி ஆனது. விருதுநகர் ஷண்டிங்கில் பெருமூச்சு விட்ட எஞ்சினுக்கு ராஜஸ்தானிலிருந்து பாகம் வந்தாலும் பொருந்தும். நான் பார்க்கிற தொழிற்சாலையில் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்று இங்கே சொன்னால் வம்பு வராது என்று நம்புகிறேன்.

சேர்த்ததை அப்படியே வைத்திருந்தார்களா என்றால் இல்லை. 1966-ல் ஒரு பகுதியைப் பிரித்துச் சவுத் சென்ட்ரல், 2003-ல் இன்னொரு பகுதியைப் பிரித்துச் சவுத் வெஸ்டர்ன். சேர்ப்பதும் பிரிப்பதும் ரயில்வேக்குப் புதிதல்ல. 2017-லிருந்து தனி ரயில்வே பட்ஜெட்டும் பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டது.

1956-க்கு வருகிறேன். இது நம் ஊர் விஷயம், கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜூலை 27-ல் விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கக் கேட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் வைத்தது மொத்தம் 12 கோரிக்கை. அதில் ஒன்று, ரயிலில் வகுப்பு வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ஒரே வகுப்பில் பயணம் செய்ய வேண்டும் என்பது. கம்பெனி காலத்து ரயிலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோரிக்கையின் அர்த்தம் தெரியும். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில்தான் பெரும்பாலான வருமானம், வசதி எல்லாம் முதல் வகுப்புக்கு. ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடையில் கூடப் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்தது. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ல்தான் அது போயிற்று. சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதத்துக்குப் பிறகு அக்டோபர் 13-ல் இறந்தார். பெயர்க் கோரிக்கை 1969-ல் நிறைவேறியது. ரயில் கோரிக்கை என்ன ஆனது என்று, தீபாவளிக்கு மறுநாள் அன்ரிசர்வ்டு பெட்டியில் விருதுநகரிலிருந்து சென்னைக்குப் போன தம்பிகள் எனக்குச் சொல்லலாம்.

அவர் இறந்து ஆறு வாரத்துக்குள், நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில் விழுந்தது. வெள்ளத்தில் பாலத்தின் தாங்கு பகுதி அரித்துப் போயிருந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் பாதை வண்டி அது, நம் பக்கத்துக்காரர்கள் அதில் இருந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: பாலம் என்றால் மேலே உள்ள இரும்பைத்தான் எல்லோரும் படம் பிடிப்பார்கள். வெள்ளம் அரிப்பது கீழே, தண்ணீருக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

கேஜ் கதையை முடித்துவிடுகிறேன். 1870-களில் பிடுங்கிச் சுருக்கியதை 1990-களில் பிடுங்கி விரித்தோம். திண்டுக்கல்–மதுரை–தூத்துக்குடி 1993-ல் அகலமானது. சென்னையிலிருந்து மாறாமல் வர 1990-களின் கடைசி வரை காத்திருந்தோம். சிவகாசி வழியாகத் தென்காசி வரை 2004-க்குள். அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை போகும் பாதை, அது 1963–64-ல் வந்தது, 2013-ல் அகலமானது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையை 2010-ல் மூடி, 2018-ல் திறந்தார்கள். எட்டு வருஷம்! மதுரையிலிருந்து இந்தப் பக்கம் இரட்டைப் பாதை 2023-ல் முடிந்தது. அதே வருஷம் செப்டம்பரில் வந்தே பாரத் வந்து விருதுநகரில் நிற்க ஆரம்பித்தது. பாதை மாறுகிற வருஷங்களில் வண்டி இல்லாமல் போன கிராமத்து ஸ்டேஷன்கள் சில, வண்டி வந்த பிறகும் பழைய பாசஞ்சர் நிறுத்தத்தைத் திரும்பப் பெறவில்லை. வேகம் கூடினால் நிறுத்தம் குறையும், அது கணக்கு. அந்த நிறுத்தத்தில் பால் கேனோடு நின்ற ஆளுக்கு அந்தக் கணக்கை யார் போய்ச் சொல்வது?

கடைசியாக ஒரு சட்ட விஷயம். வெளியூர்க்காரர்கள் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், திரும்பும்போது சிவகாசியில் இறங்கி ஒரு அட்டைப்பெட்டி வாங்காமல் யாரும் போவதில்லை. 1989-ம் வருஷ ரயில்வே சட்டம் 67-ம் பிரிவின்படி ஆபத்தான பொருளை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. 164-ம் பிரிவில் 3 வருஷம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "கம்பி மத்தாப்பு மட்டும்தானே" என்று சொல்வீர்கள். கம்பி மத்தாப்பு எரியும் சூட்டில் இரும்புத் தூளே பொறியாகத் தெறிக்கிறது, இதைக் கெமிஸ்ட்ரி சாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரை யார்டில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர் வெடித்து 9 பேர் இறந்தார்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே அப்படி. ஓடும்போது ஜன்னல் காற்றில் என்ன ஆகும்? பட்டாசு ஊரின் ஸ்டேஷனிலேயே 'பட்டாசு கொண்டு செல்லாதீர்' என்று அறிவிப்பு ஒலிப்பதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். மருந்தோடு பழகுகிற ஊர் நம்முடையது, அந்த அறிவிப்பின் அர்த்தம் மற்றவர்களை விட நமக்குத்தான் தெரியும். லாரி சர்வீஸில் போட்டுவிட்டு நீங்கள் ரயிலில் போங்கள்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். விருதுபட்டி என்று அச்சடித்த பழைய ரயில்வே ரசீது, எஸ்.ஐ.ஆர். சரக்கு பில், தீப்பெட்டி பார்சல் அனுப்பிய கணக்கு நோட்டு, இதெல்லாம் நம் ஊர்க் கடைகளிலும் பழைய வீடுகளிலும் இரும்புப் பெட்டிக்குள் இன்னும் இருக்கும். வீடு இடிக்கும்போது எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எந்த வருஷம் எந்தச் சரக்கு எந்த ஊருக்குப் போனது, எப்போது ரயிலை விட்டு லாரிக்கு மாறியது என்பதை அந்தத் தாள்களிலிருந்துதான் எடுக்க முடியும். அசல் வேண்டாம், செல்போனில் ஒரு படம் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கடைசி வருஷ மாணவர்கள் இரண்டு பேர் தொகுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ராஜபாளையம், சாத்தூர்க்காரர்கள் இன்று வந்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. உங்களிடமிருந்துதான் நிறைய எதிர்பார்க்கிறேன்.